நாலு வருஷம் ஊதின விசில்

எங்கள் கூட்ஸ் ஷெட் காலனி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அஞ்சே முக்காலுக்கு என் அப்பா ஊதிய விசில், அவர் அதை வாயிலிருந்து எடுத்த பிறகும், சட்டைப் பாக்கெட்டில் போட்டுப் பொத்தானை மாட்டிய பிறகும், வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டுப் படுத்த பிறகும் நிற்காமல், மேற்குப் பக்க கோல் போஸ்டுக்குப் பதினாலு அடி முன்னால், ஒரு ஆள் உயரத்தில், காற்றிலேயே நின்றபடி நாலு வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தது.

எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள். அப்படிக் கேட்டவர்கள் எல்லாரும் வெளி ஏரியாக்காரர்கள். எங்கள் ஏரியாவில் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான். அது கோலா, இல்லையா?

அப்பா பேர் பூங்காவனம். வாரத்தில் ஆறு நாள் லேத் பட்டறை, ஏழாவது நாள் ரெஃப்ரி. பட்டறையில் நூல் அளவு பிசகினாலும் தூக்கிக் குப்பையில் போடுகிற ஆள், மைதானத்திலும் அப்படித்தான். லீக்கில் அவர் பேருக்கு மரியாதை இருந்தது. லீக் என்றால் சம்பளத்துக்கு ஆடுகிற லீக், தெருவில் செங்கல் நட்டு ஆடுவது இல்லை. எங்கள் காலனியின் பருந்து கிளப் முப்பது வருஷம் முட்டி மோதி அந்த லீக்குக்குள் நுழைந்த முதல் வருஷம் அது. அந்த வருஷம் எங்கள் சென்டர் ஃபார்வர்ட் கிளமெண்ட் ஒன்பது கோல் போட்டிருந்தான். ஒரே சீசனில் பத்து கோல் போட்டவனை, வயசு இருபத்தெட்டு முடியாமல் இருந்தால், ஊரில் ஒரு பெரிய ஆபீஸ் தன் டீமுக்கு எடுத்து நிரந்தர வேலை கொடுக்கும். எங்கள் பிளாக்கில் பந்து உதைக்கிற எல்லாரும் அந்த வேலைக்காகத்தான் உதைத்தார்கள். மற்ற காரணங்களைப் பேட்டியில் சொல்வார்கள்.

சீசனின் கடைசி மேட்ச், ராயல் பிரதர்ஸ் கூட, எங்கள் மைதானத்திலேயே. வர வேண்டிய ரெஃப்ரிக்கு அம்மை போட்டுவிட்டது. சும்மா இருந்தவர் அப்பா ஒருத்தர்தான். லீக் செகரட்டரி ஹேமச்சந்திரன் முதல் நாளே ஆள் விட்டுக் கூப்பிட்டு, "பூங்காவனம், உங்க ஏரியா மேட்ச். பேரு கெட்டுடாம பார்த்துக்கோ" என்று சொல்லி அனுப்பினார். அதோடு விட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. காலையில் பால் பூத்தில் நாலு பேர், முடி வெட்டுகிற கடையில் ஆறு பேர், மாடிப்படியில் ஏறும்போது ஒருத்தர் விடாமல் எல்லாரும் ஒரே பாட்டு.

"அண்ணா, நம்ம பசங்கண்ணா."

"பூங்காண்ணா, கிளமெண்டுக்கு ஒண்ணுதான் பாக்கி. கொஞ்சம் பார்த்து."

"உன் வீட்டு மேல் மாடிப் புள்ளதானே, மறந்துடாத."

அப்பா பால் பாக்கெட்டை வீட்டில் வைத்துவிட்டு ஷேவ் பண்ணப் போனார். சாயங்காலம் மைதானத்தில் அவர் தாடை இறுகிக்கொண்டே போனதை, எட்டாம் பிளாக் மொட்டை மாடியில் மேட்ச் பார்க்க இடம் பிடித்து உட்கார்ந்திருந்த நான் அங்கிருந்தே பார்த்தேன். எனக்கு அப்போது பதிமூணு வயசு.

ஒண்ணுக்கு ஒண்ணு. தொண்ணூறாவது நிமிஷம், இன்னும் முப்பது செகண்டு. எங்களுக்கு கார்னர். பந்து வளைந்து வந்தது, கிளமெண்ட் எகிறினான், தலையால் இடித்தான், பந்து உள்ளே போய் வலை உப்பியது, மைதானத்தைச் சுற்றி இருந்த நாலாயிரம் பேர் வாயைத் திறந்தார்கள். அந்த வாய்க்குள் சத்தம் வருவதற்குள் அப்பாவின் விசில் அங்கே இருந்தது.

ஃபவுல் என்றார். ராயல் பிரதர்ஸின் நாலாம் நம்பர் டிஃபெண்டர் தோள்மேல் கிளமெண்ட் கை வைத்தான் என்றார். கோல் இல்லை, எதிர் டீமுக்கு ஃப்ரீ கிக் என்று கையைக் காட்டினார். காட்டிவிட்டு விசிலை எடுத்தார். சத்தம் போகவில்லை.

அவர்கள் பந்தை வைத்தார்கள். உதைக்க வந்தவன் காலைத் தூக்கி, அப்பாவைப் பார்த்து, காலை இறக்கினான். விசில் நின்றால்தானே உதைக்கலாம்? எங்கள் ஆட்கள் உள்ளே இறங்கிப் பந்தைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். "ஊதி முடிக்கட்டும், அப்பால எடுங்கடா." இருட்டுகிறவரைக்கும் உட்கார்ந்திருந்தார்கள். பிறகு பசித்தது, போய்விட்டார்கள். மேட்ச் முடியவே இல்லை. ஹேமச்சந்திரன் சார் ஃபைலை மூடிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "விசில் நிக்கட்டும், மிச்சத்த ஆடி முடிச்சுக்கலாம்" என்று சொல்லிவிட்டு வண்டி ஏறினார். ஒரு மேட்ச் பாக்கி இருக்கிற கிளப்பை அடுத்த சீசனுக்குச் சேர்க்க மாட்டார்கள். அதன் பிளேயரை வேறு கிளப்புக்கு விடவும் மாட்டார்கள். கிளமெண்ட் ஒன்பது கோலோடு அப்படியே நின்றான்.

முதல் வாரம் கார்ப்பரேஷன்காரர்கள் வந்து பைப்பைத் தோண்டினார்கள். போலீஸ் வந்து, யாருடா அது என்று அதட்டியது. அந்த இடத்தில் கையை நீட்டினால் விரல் கூசும், அவ்வளவுதான், பிடிக்க ஒன்றும் இருக்காது. ரெண்டாவது வாரம் காதில் பஞ்சு வைத்தோம். மூணாவது வாரம் பஞ்சை எடுத்துத் தலையணைக்குள் திணித்துவிட்டோம். ஒரு மாசத்தில், மேலே ரயில்வே பாலத்திலிருந்து கீழே கால்வாய் வரைக்கும், அந்தச் சத்தம் எட்டுகிற அளவுதான் எங்கள் ஏரியா என்று ஆகிப்போனது. வீடு வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள்கூட, "விசிலுக்கு உள்ளயா, வெளியவா?" என்று கேட்டார்கள்.

எங்கள் பக்கம் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு விசில் ஊதினால் நிற்க வேண்டும், ரெண்டு ஊதினால் கிளம்ப வேண்டும். பாலம் இறங்கியதும் டிரைவர் காதில் ஒரே ஒரு விசில் நீளமாக விழும், கால் தானாகப் பிரேக்குக்குப் போகும், இருபது வருஷம் மனு கொடுத்தும் நிற்காத பஸ்கள் எல்லாம் எங்கள் வாசலில் நின்றன. கண்டக்டர் இறங்கி வந்து தகரத்தில் ரெண்டு தட்டு தட்டினால்தான் வண்டி நகரும். குக்கர் விசில் யாருக்கும் கேட்காது என்பதால் அம்மா அடுப்பு முன்னால் நின்று வெயிட் குதிப்பதைக் கண்ணால் எண்ணுவாள். அந்த நாலு வருஷத்தில் எங்கள் வீட்டுச் சோறு ஒரு நாளும் குழையவில்லை. சாவுக்குப் பாட வரும் கானா பார்ட்டி கீபோர்டை அந்தச் சத்தத்துக்குச் சுருதி சேர்த்துக்கொண்டார்கள், எங்கள் ஏரியாவில் செத்தவர்கள் எல்லாரும் ஒரே சுருதியில்தான் போனார்கள். அந்தச் சத்தத்துக்குள்ளே பிறந்த குழந்தைகள் பாலத்தைத் தாண்டினால் வீறிட்டு அழும், அதனால் தடுப்பூசிக்குத் தூக்கிப் போகிற அம்மாக்கள் வழி பூராவும் வாயால் "ஃபீஈஈ" என்று சொல்லிக்கொண்டே நடப்பார்கள். ரகசியம் என்று ஒன்று இல்லவே இல்லை. காதல் சொல்வதாக இருந்தாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும். ரெண்டாம் பிளாக்கில் மூணு கல்யாணம் அப்படித்தான் நடந்தது, வீட்டுக்கு வேறு வழியில்லாமல்.

பசங்கள் ரெஃப்ரி இல்லாமல் ஆடக் கற்றுக்கொண்டார்கள். எந்த விசிலும் காதில் விழாது என்பதால், காலைத் தட்டிவிட்டவனே நின்று கையைத் தூக்குவான். "நான்தான்டா தட்டுனேன், நீ எடு." முதலில் கிண்டலாகத்தான் ஆரம்பித்தது. பிறகு அதுவே பழக்கமாகிப்போய், வெளி ஏரியாவில் மேட்ச் ஆடப் போனாலும் எங்கள் பசங்கள் கையைத் தூக்கித் தூக்கித் தோற்றுவிட்டு வருவார்கள்.

இப்போது நினைத்தால் அந்த நாலு வருஷம்தான் நாங்கள் ஒழுங்காக வாழ்ந்த காலம் என்று எனக்குத் தோன்றுகிறது. தப்பாக இருக்கலாம். ஆனால் அன்றைக்கு எங்கள் ஏரியாவில் ஒருத்தர் பேச இன்னொருத்தர் முகத்தைப் பார்த்துக் கேட்டார்கள், உதட்டைப் பார்க்காவிட்டால் பாதி புரியாது. ஸ்கூலில் டீச்சர் திட்டுவது காதில் விழாது, வாய் அசைவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருப்போம். எனக்குப் படிப்பு பதினொன்றாம் வகுப்போடு நின்றதற்கு அந்தச் சத்தம் காரணம் இல்லை, அதன்மேல் பழி போட மாட்டேன். படிக்கப் பிடிக்கவில்லை, நின்றுவிட்டேன்.

அப்பாவை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பால் பூத்தில் அவரைப் பார்த்ததும் வரிசை விலகும்.

"சாரு ரூல்ஸ் ஆளு, அவருக்கு மொதல்ல குடுப்பா."

"கை படாம குடு. ஃபவுலாயிடப் போவுது."

என்னை ஊதாங்கொழல் பொண்ணு என்று கூப்பிட்டார்கள். நான் திருப்பி நாலு கேட்டுவிட்டு வருவேன். ஆனால் ஒன்றை மட்டும் நான் யாரிடமும் சொல்லவில்லை. மொட்டை மாடியிலிருந்து நான் பந்தைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கிளமெண்டின் கால் தரையில் இருக்கும்போதே அப்பாவின் கன்னம் உப்பியிருந்தது. ஏற்கெனவே ஊரே அவரைக் கரித்துக்கொட்டியது. நான் வேறு சேர்ந்துகொள்ள வேண்டுமா என்று வாயை மூடிக்கொண்டேன். நாலு வருஷம்.

கிளமெண்ட் லோடு வண்டி ஓட்டினான். எங்களுக்கு மேல் மாடி என்பதால் தினமும் படியில் அப்பாவைத் தாண்டித்தான் போக வேண்டும். முறைக்க மாட்டான், பேசவும் மாட்டான். ஒவ்வொரு பிறந்த நாளைக்கும் அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு மட்டும் கேக் கொடுக்காமல் மற்ற வீட்டுக்கெல்லாம் கொடுப்பாள். இருபத்தைந்து கேக், இருபத்தாறு கேக், இருபத்தேழு கேக்.

இருபத்தெட்டு கேக்குக்குப் பத்து நாள் முன்னால் ஒரு சாயங்காலம், சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டின ஒரு ஆள் எங்கள் கதவைத் தட்டினான். கொஞ்சம் தொப்பை. அப்பா கதவைத் திறந்து ஒரு நிமிஷம் பார்த்தார்.

"ராயல் பிரதர்ஸ். நாலாம் நம்பர்" என்றார்.

"முகுந்தன் சார்." அவனும் கத்தித்தான் பேசினான், வேறு வழியில்லை. "தெனமும் இந்த வழியாத்தான் சார் வேலைக்குப் போறேன். போம்போது ஒரு தடவ, வரும்போது ஒரு தடவ, உங்க ஏரியாவுல பஸ் நின்னுடுது. ஜன்னல் சீட்டுல உக்காந்துக்கினு நாலு வருஷமா இந்தச் சத்தத்தக் கேக்குறேன். இன்னிக்கு முடியல, எறங்கிட்டேன்."

"அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்?"

"என் தோள்ல யாரும் கை வெக்கல சார்."

அம்மா அடுப்பை அணைத்தாள்.

"அத்த அன்னிக்கே சொல்றதுக்கு இன்னா?" என்றார் அப்பா.

"அன்னிக்கு எங்களுக்கு ஃப்ரீ கிக் குடுத்தீங்க சார். எவன் வேணாம்பான்?"

எனக்கு அதற்கு மேல் அடக்க முடியவில்லை. "யப்பா, நானும் பார்த்தேன். அவன் எகிறவே இல்ல, அதுக்குள்ள நீ ஊதிட்ட. பந்து வர்றதுக்கு முன்னாடியே ஊதிட்டப்பா."

"வாய மூடுடி" என்றாள் அம்மா.

"இல்ல, ஜெகதா. அவ சொல்றது தப்பு." அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார். "பந்து வர்றப்போ இல்ல. காத்தால ஷேவ் பண்ணும்போதே ஊதிட்டேன். பால் பூத்துலேர்ந்து வந்தேன், கண்ணாடில மூஞ்சியப் பார்த்தேன். ஊரே கைய நீட்டிக் கேக்குது, நம்ம பசங்க, நம்ம பசங்கன்னு. இன்னிக்கு ஒண்ணு, நம்ம பக்கம் ஒண்ணே ஒண்ணு கரெக்டா குடுத்தாக்கூட, ஏரியாக்காரன் ஏரியாவுக்குக் குடுத்துட்டான்னு ஆயிடும். கெடையாதுடான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். எது வந்தாலும் கெடையாதுன்னு. கோல்தான் வந்திச்சி."

இதையெல்லாம் அவர் கத்திச் சொன்னார். நாலு வருஷமாக எல்லாரும் பேசுகிற மாதிரியேதான் பேசினார். எட்டாம் பிளாக் முழுக்க, தண்ணி பிடிக்கிறவர்கள், துணி காயப்போடுகிறவர்கள், படியில் கேரம் ஆடுகிறவர்கள் எல்லாருக்கும் ஒரு எழுத்து விடாமல் கேட்டது. பிறகு கீழ்வீட்டிலிருந்து ஒரு குரல் வந்தது.

"நாங்கதான்ணா சொன்னோம். நம்ம பசங்கன்னு நாங்கதான் உன்ன அரிச்சோம்."

"பால் பூத்துல நானும் சொன்னேன்" என்று எதிர் பிளாக்கிலிருந்து இன்னொரு குரல்.

"நான் ரெண்டு வாட்டி சொன்னேன்!"

மேல் மாடியிலிருந்து கிளமெண்டின் குரல் கேட்டது. நாலு வருஷத்தில் அவன் அப்பாவிடம் பேசின முதல் பேச்சு. "பூங்காண்ணா! ஞாயித்துக்கெழம இல்ல, அடுத்த ஞாயித்துக்கெழம எனக்கு இருவத்தெட்டு! அத்த மட்டும் பாரு!"

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "இப்ப மாத்தினாலும் அதேதானேடா சொல்லுவானுங்க. ஏரியாக்காரன், ஏரியாவுக்கு மாத்திட்டான்னு."

"சொல்லட்டும் சார்" என்றான் முகுந்தன். "நான் உங்க ஏரியா இல்லியே. நான் வந்து நிக்கிறேன்."

ஹேமச்சந்திரன் சார் முதலில் சிரித்தார், பிறகு கோபப்பட்டார், பிறகு ரூல் புத்தகத்தை எடுத்தார். ரெஃப்ரி கொடுத்த முடிவை ரெஃப்ரியே மாற்றலாம், ஆனால் ஆட்டம் மறுபடி ஆரம்பிப்பதற்குள் மாற்ற வேண்டும். ஆட்டம் மறுபடி ஆரம்பித்ததா? ஃப்ரீ கிக் எடுக்கவில்லை. விசிலே இன்னும் முடியவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டி, அதே பக்கத்தை மூணு தடவை படித்தார். "மாத்தலாம்" என்றார். "ஆனா மேட்ச் முடியணும். முடிஞ்சாத்தான் கோல் கணக்குல ஏறும். ரெண்டு டீமும் வரணும், மிச்சம் இருக்குற முப்பது செகண்டு ஆடணும்." இருபத்திரண்டு பேரைத் தேடிப் பிடிக்க ஒரு வாரம் ஆனது. கிடைத்தது சனிக்கிழமைதான், கிளமெண்டின் வேலை பேப்பரை வாங்குகிற ஆபீஸ் ஆறு மணிக்குப் பூட்டிவிடுகிற சனிக்கிழமை. மறுநாள் அவனுக்கு வயசு முடிகிறது.

வந்தார்கள். பழைய ஜெர்சி பாதிப் பேருக்கு வயிற்றில் நின்றது. ராயல் பிரதர்ஸ் கோல் கீப்பர் தன் ரெண்டு வயசு மகளைக் கொண்டுவந்து எங்கள் ஆட்களிடம் கொடுத்து, "கொஞ்சம் புடிங்கப்பா" என்றான். லெஃப்ட் விங் ஆடுகிற எங்கள் தனசீலன் முழங்காலில் கட்டோடு வந்தான். அந்த நாலாயிரம் பேரும் வந்தார்கள், நடுவில் செத்துப்போன சில பேரைத் தவிர.

அஞ்சு இருபதுக்கு அப்பா கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே இறங்கினார். தன்னுடைய விசில் நின்றுகொண்டிருந்த இடத்துக்கு நேராக நடந்து போனார். அதற்குப் பக்கத்தில், காது கூசுகிற அளவு கிட்டத்தில் நின்று, முகுந்தனைப் பார்த்தார். முகுந்தன் தலையை ஆட்டினான். அப்பா திரும்பிக் கையை நீட்டி மைதானத்தின் நடுப்புள்ளியைக் காட்டினார். கோல் என்றால் ரெஃப்ரி அப்படித்தான் காட்ட வேண்டும்.

விசில் நின்றது.

யாரும் கத்தவில்லை. எப்படிக் கத்துவது என்று தெரியவில்லை. முதல் முதலாகக் கேட்டது கொடிக்கம்பத்தின் கயிறு கம்பத்தில் அடிக்கிற சத்தம். பிறகு பக்கத்தில் இருப்பவர்களின் மூச்சு. அந்தச் சத்தத்துக்குள் பிறந்த குழந்தைகள் ஒன்று ஒன்றாக அழ ஆரம்பித்து, கடைசியில் எல்லாம் சேர்ந்து அழுதன. அம்மா என் காதருகே வந்து, "என்னடி ஆச்சு?" என்று கத்தினாள். சாதாரணமாகப் பேசினாலே கேட்கும் என்று அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை. அவள் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. சில பேர் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பிலேயே அழவும் ஆரம்பித்தார்கள்.

இனி ஆட்டத்தை ஆரம்பிக்க அப்பா ஊத வேண்டும். விசிலை உதட்டில் வைத்தார். ஊதவில்லை. அவர் அதை எடுத்துச் சட்டையில் துடைத்து மறுபடி வைத்ததை இந்தத் தடவை நான் கிட்டத்திலிருந்தே பார்த்தேன்.

"ஊதுங்க சார், நிக்கும்" என்றான் முகுந்தன்.

ஊதினார். சின்னதாக ஒரு விசில். நின்றது.

கோல் வாங்கின டீம்தான் நடுவிலிருந்து உதைக்க வேண்டும். ராயல் பிரதர்ஸ் உதைத்தார்கள். பின்னால் ஒருத்தனுக்குப் போனது, அவன் பக்கத்தில் கொடுத்தான், அங்கிருந்து தனசீலன் காலுக்கு வந்தது, அவன் அதை வைத்துக்கொள்ளாமல் மறுபடி அவர்களுக்கே தள்ளினான், அவர்கள் எங்களுக்குத் தள்ளினார்கள். யாரும் கோல் பக்கம் போகவில்லை. பந்து இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு, எங்கள் காலிலிருந்து அவர்கள் காலுக்குப் போய்ப் போய் வந்துகொண்டிருந்தது, தொப்பை வைத்தவர்கள் மூச்சு வாங்கிச் சிரித்தபடி ஓடினார்கள், முப்பது செகண்டு எப்போதோ தாண்டிவிட்டது, ரெண்டு நிமிஷம் ஆனது, அஞ்சு நிமிஷம் ஆனது. இது முடிந்தால் எல்லாம் முடிந்துவிடும் என்று சுற்றி நின்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது. நானும் முடியக் கூடாது என்றுதான் நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். வாழ்க்கையில் ஒரு செகண்டு கூட எக்ஸ்ட்ரா கொடுக்காத அப்பா, வாட்ச்சைப் பார்த்தார், கையைக் கீழே தொங்கவிட்டார், கண் கலங்கி, ஊதாமல் நின்றார்.

"யோவ் பூங்காண்ணா!"

கிளமெண்ட். மைதானத்தின் நடுவில், இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"இன்னாய்யா பண்ற? ஆறு மணிக்குப் பூட்டிடுவான்! முடிய்யா! எனக்கு வேல இருக்கு!"

அப்பாவுக்கு முகம் சிவந்துபோனது. ஊதினார். மூணு தடவை, ஒழுங்காக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நடுவில் இடைவெளி விட்டு.

ஹேமச்சந்திரன் சார் பத்து கோல் என்று எழுதிய பேப்பரில் கையெழுத்துப் போட்டுத் தேதி போடுவதற்குள் கிளமெண்ட் அதைப் பிடுங்கிக்கொண்டான். அப்பாவைப் பார்க்கவில்லை, எங்கள் யாரையும் பார்க்கவில்லை, பூட்ஸ்கூடக் கழற்றவில்லை. கேட்டுக்கு வெளியே யாரோ ஸ்டார்ட் பண்ணி வைத்திருந்த பைக்கில் பின்னால் தாவி ஏறினான், பேப்பரைப் பல்லில் கடித்துக்கொண்டு. அந்த வண்டிச் சத்தம் பாலம் ஏறி, அந்தப் பக்கம் இறங்கி, வெகுதூரம் போகிறவரைக்கும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.